கம்பளிக்குள் சூடு இல்லை

“சித்தி, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க பின்னிக் குடுத்த ஸ்வெட்டரை நான் போடுறதில்ல.”

லே நகரத்திலிருந்து என் அக்கா மகன் போனில் இப்படிச் சொன்னது போன வருஷம் கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போதுதான் மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு அக்கடா என்று உட்கார்ந்திருந்தேன். கேட்டதும் முகம் சுண்டிப் போய்விட்டது. இரண்டு மாதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் பின்னினது அது. ஹைஸ்கூலில் தையல் டீச்சர் கற்றுக் கொடுத்த பின்னலை முப்பது வருஷத்துக்குப் பிறகு தூசி தட்டி எடுத்திருந்தேன். பிள்ளை மிலிட்டரியில் சேர்ந்து லடாக்குக்குப் போகிறானே, குளிர் ஓர் இழைகூட உள்ளே நுழையக் கூடாது என்று நூலை இழுத்து இழுத்து இறுக்கிப் போட்டிருந்தேன். தட்டினால் பலகை மாதிரி சத்தம் கேட்கும்!

எங்கள் சாத்தான்குளத்தைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். செம்மண் தேரியும் பனங்காடுமாக உள்ள ஊர். சித்திரை வைகாசியில் மத்தியானம் செருப்பில்லாமல் தெருவில் கால் வைக்க முடியாது. 1986ல் தூத்துக்குடி மாவட்டம் ஆகிவிட்டது என்றாலும், எங்களுக்குப் பேச்சும் பழக்கமும் திருநெல்வேலிதான். மார்கழி விடியலில் வாசல் தெளிக்கும்போது முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டால் அதுதான் எங்கள் ஊர்க் குளிர். அப்படிப்பட்ட ஊர்க்காரி லடாக்குக்கு ஸ்வெட்டர் பின்னினால் எப்படி இருக்கும்?

ஸ்வெட்டர் போனது போகட்டும் என்று பார்த்தால், அவன் அடுத்ததாகச் சொன்ன சேதிதான் வயிற்றைக் கலக்கியது. ஸ்வெட்டரோடு இரண்டு ஜோடி காலுறையும் பின்னி அனுப்பியிருந்தேன். ஒரு ராத்திரி காவலுக்குப் போகும்போது, சித்தி கொடுத்தது என்று இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டி, அதற்கு மேல் பூட்ஸையும் திணித்துக்கொண்டு போயிருக்கிறான். முதலில் கால் வலித்ததாம். அப்புறம் வலியே தெரியவில்லையாம். “வலி நின்னுட்டுதேன்னு சந்தோஷப்பட்டேன் சித்தி” என்கிறான். திரும்பி வந்து கழற்றினால் விரலெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடக்கிறது!

அவன் செக்ஷனில் சிவகங்கைப் பக்கத்து ஹவில்தார் ஒருவர். அவர் பார்த்த உடனே இவனை உட்கார வைத்து, தன் சட்டையைத் தூக்கி, இவன் பாதம் இரண்டையும் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாராம். தேய்க்கவில்லை, நெருப்பிலும் காட்டவில்லை. மரத்துப் போன இடத்தைத் தேய்த்தால் தோலும் சதையும் நைந்து போகும். நெருப்பில் காட்டினால் சுடுவதுகூடத் தெரியாமல் வெந்து போகும். அரை மணி கழித்து ரத்தம் திரும்பி ஓடும்போது உயிர் போகிற வலியாம். டாக்டர் பார்த்துவிட்டு, தோல் உரியும், விரலுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னாராம். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் விரல் போயிருக்கும். என் கையால் பின்னின காலுறை!

அந்த ஹவில்தார் அவனிடம் சொன்னாராம்: “தம்பி, துணி சூடு தராதுடா. சூடு நீதான். துணி வெறும் காவக்காரன்.”

இந்த ஒரு வாக்கியம் அன்றைக்கு ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை. கம்பளி சூடு என்றுதானே நாம் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம்? மறுநாள் சமையலை முடித்துவிட்டு ஒரு காரியம் செய்து பார்த்தேன். நீங்களும் செய்து பாருங்கள், செலவில்லாதது. ஃபிரிட்ஜிலிருந்து ஒரே அளவில் இரண்டு ஐஸ் கட்டி எடுத்தேன். ஒன்றை வெறும் கிண்ணத்தில் வைத்தேன். இன்னொன்றைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, வீட்டில் கிடந்த பழைய கம்பளிச் சால்வையில் நன்றாகச் சுற்றி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கிண்ணத்தில் தண்ணீர்தான் இருந்தது. சால்வைக்குள் இருந்தது இளைத்துப் போயிருந்தாலும் கட்டியாகவே இருந்தது. கம்பளி சூடு தருகிற சாமான் என்றால் முதலில் உருக வேண்டியது அதுதானே?

யோசித்தால் இது நமக்குத் தெரியாத சங்கதியே இல்லை. அந்தக் காலத்தில் ஐஸ் பாளத்தை மரத்தூளிலும் உமியிலும் புதைத்து, சாக்கைப் போட்டு மூடித்தானே வண்டியில் கொண்டு வருவார்கள்? உமி குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை. வெளியே இருப்பதை உள்ளே விடாது, உள்ளே இருப்பதை வெளியே விடாது. அவ்வளவுதான். உள்ளே ஐஸ் இருந்தால் ஐஸைக் காக்கும், ஆள் இருந்தால் ஆள் சூட்டைக் காக்கும்.

சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு பெரிய ஆளின் உடம்பு, பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறதாம். அந்தச் சூடு ஓடிப் போகாமல் பிடித்து வைப்பதுதான் கம்பளியின் வேலை. அதுகூடக் கம்பளி நேராகச் செய்வதில்லை. அதற்குள் அடைபட்டுக் கிடக்கிற காற்று செய்கிறது. ஓடுகிற காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகும், ஃபேனுக்கு அடியில் காப்பி ஆறுவது மாதிரி. ஆனால் அசையாமல் நிற்கிற காற்றைப் போலச் சூட்டைக் கடத்தாத சரக்கு நம் கைக்குச் சுலபமாகக் கிடைக்காது. ஆட்டு மயிர் நேராக இல்லாமல் சுருள் சுருளாக இருக்கிறது பாருங்கள், அந்தச் சுருள்களுக்கு நடுவே காற்று சிக்கிக்கொண்டு நகர முடியாமல் நின்றுவிடுகிறது. நான் என்ன செய்தேன்? அந்த இடத்தையெல்லாம் இழுத்து இறுக்கிக் காற்றைத் துரத்திவிட்டேன்! அவனுடைய பூட்ஸுக்குள்ளும் அதே கதைதான். இரண்டு காலுறையும் நசுங்கி, காற்றுக்கும் இடமில்லை, காலில் ரத்தம் ஓடவும் வழியில்லை. ரத்தம்தானே சூட்டைப் பாதத்துக்குக் கொண்டு போகிறது? சூடும் வராமல், காவலும் இல்லாமல் போனால் விரல் என்ன செய்யும்?

நம் பக்கத்து இலவம் பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்தால் எடையே தெரியாது, ஏனென்றால் அதன் ஒவ்வொரு இழையும் நடுவில் குழாய் மாதிரி வெற்றாக இருக்கிறது. அதற்குள் இருப்பதெல்லாம் காற்று. இழையின் மேலே மெழுகுப் பூச்சு வேறு, தண்ணீர் லேசில் ஒட்டாது. இதனால்தான் இரண்டாம் உலக யுத்தம் வரைக்கும் கப்பல்காரர்களின் உயிர் காக்கும் சட்டைகளில் இலவம் பஞ்சை அடைத்தார்கள். இப்போது மலை ஏறுகிறவர்களின் மெத்தைப் பைகளில் வைக்கிற செயற்கைப் பஞ்சிலும் இழையை நடுவில் வெற்றாக விட்டுச் செய்கிறார்கள். நம் இலவ மரம் எப்போதோ செய்ததைத்தான் மிஷினில் செய்கிறார்கள் என்று சொன்னால் தப்பில்லை. தலையணையை நம் பாட்டிமார் வெயிலில் போட்டுத் தட்டி வைப்பார்களே, நசுங்கின பஞ்சு மறுபடி உப்பி, காற்றுக்கு இடம் கொடுக்கும். எடை அதேதான், உப்பல்தான் வித்தியாசம். கம்பளிச் சாமானைச் சுடுதண்ணீரில் போட்டுக் கும்முகிற சகோதரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கி, கட்டித் துணியாகப் போய்விடும். பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரையைப் போட்டு அலசி, முறுக்காமல், படுக்கப் போட்டு உலர்த்துங்கள்.

காற்றைவிட நல்ல காவல் ஒன்று உண்டென்றால் அது ஒன்றுமே இல்லாத வெற்றிடம். 1892ல் ஜேம்ஸ் டூவர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இரட்டைச் சுவர் பாத்திரம் செய்து, நடுவில் இருந்த காற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டார். அவர் செய்தது குளிர்ந்த திரவத்தைக் காப்பதற்கு. நாம் அதைக் காப்பிக்கு வைத்துக்கொண்டோம், அதுதான் பிளாஸ்க். ஆனால் வெற்றிடத்தை உடுத்திக்கொள்ள முடியாதே! காற்றுதான் நமக்குக் கதி.

இப்போது அவன் எப்படி உடுத்துகிறான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரே கனமாக எதையும் போடுவதில்லை. உடம்பை ஒட்டி மெல்லியதாக ஒன்று, அது வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். அதற்கு மேல் உப்பலாக, தளர்வாக ஒன்றோ இரண்டோ. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் பனியும் புகாத மேல்சட்டை. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே காற்று தங்கும். நடக்கும்போதும் சுமக்கும்போதும் வியர்க்கும் முன்பே ஒரு அடுக்கைக் கழற்றிவிடுவார்கள், நின்றால் உடனே போட்டுக்கொள்வார்கள். “அங்க குளிரைவிட வேர்வைக்குத்தான் சித்தி பயம்” என்கிறான். முதல் வாரம் நம் ஊர்ப் பழக்கத்தில் உள்ளே காட்டன் பனியன் போட்டு, அது நனைந்து, நின்ற இடத்தில் நடுங்கிப் போனானாம்.

நனைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சோதனை செய்தேன். மூன்று டம்ளரில் கொதிக்கிற தண்ணீர். ஒன்று வெறுமனே, ஒன்றைச் சுற்றி உலர்ந்த கம்பளி, ஒன்றைச் சுற்றி நனைத்துப் பிழிந்த கம்பளி. மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு அரிசி களைந்து வைத்து வந்தேன். உலர்ந்த கம்பளி சுற்றினது கை வைக்க முடியாத சூடு. வெறும் டம்ளர் வெதுவெதுப்பு. நனைந்த கம்பளி சுற்றினது அதையும்விடச் சில்லென்று ஆகிவிட்டது! கம்பளி இல்லாததைவிட ஈரக் கம்பளி மோசம். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். அதோடு ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான். இந்த டம்ளரை மறந்துவிடாதீர்கள், கொஞ்சம் கழித்து இதற்கு வருகிறேன்.

லடாக்கின் கிழக்கே சாங்தாங் என்ற பீடபூமி. 14,000 அடிக்கும் மேலே. குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகிற இடம். அங்கே சாங்பா என்கிற இடையர்கள் யாக் மாட்டு மயிரில் நெய்த கூடாரத்தில் இருந்துகொண்டு ஆடு மேய்க்கிறார்கள். அந்த ஆட்டின் வெளி மயிருக்கு அடியில் குளிர்காலத்துக்கென்று ஒரு மெல்லிய உள் மயிர் முளைக்கும். அதை வசந்த காலத்தில் சீப்பால் வாரி எடுப்பதுதான் பஷ்மினா. நம் தலைமயிரின் கனத்தில் நாலில் ஒரு பங்குகூட இராது. உலகத்திலேயே விலை உயர்ந்த போர்வைகளில் ஒன்று அந்த ஆட்டின் முதுகில்தான் இருக்கிறது. ஆனால் 2013ன் தொடக்கத்தில் அங்கே பெரிய பனி கொட்டி, மேய்ச்சல் தரையெல்லாம் மூடிப் போனபோது ஆயிரக்கணக்கான ஆடுகள் செத்துப் போயின. மயிர் இருந்தது, தீவனம் இல்லை. அடுப்பில் விறகு இல்லாவிட்டால் கதவைச் சாத்தி என்ன பிரயோசனம்?

இதைக் கேட்ட பிறகு நான் ஸ்வெட்டர் கவலையை விட்டுவிட்டு உடன்குடிக் கருப்பட்டியும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் பார்சல் கட்ட ஆரம்பித்தேன். உயரத்தில் பசி மந்தமாகிவிடுமாம், சாப்பிடப் பிடிக்காதாம். ஆனால் உடம்போ அங்கேதான் அதிகமாக எரிக்கிறது. வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்கிற மாதிரி கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சாராயம் குடித்தால் சூடு என்று ஒரு பேச்சு உண்டு. அது தோலுக்கு ரத்தத்தைத் தள்ளிவிடுவதால் சூடு மாதிரி தோன்றும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்விடும். அக்காவிடம் இதைச் சொல்லி, மகனிடம் கேட்கச் சொன்னேன். சத்தியம் பண்ணியிருக்கிறானாம், பார்ப்போம்.

பனிக்கும் காற்றைப் பிடித்து வைக்கிற குணம் உண்டு. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். துருவத்து ஜனங்கள் பனிக்கட்டியாலேயே வீடு கட்டி உள்ளே இருந்தது இந்தத் தைரியத்தில்தான். 2016 பிப்ரவரி 3ந் தேதி சியாச்சினில், 19,000 அடிக்கு மேலே ஒரு காவல் முகாமில் பனிச்சரிவு விழுந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்து போனார்கள். அதில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆறாம் நாள் தோண்டிப் பார்த்தபோது கர்நாடகத்துக்காரரான லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு இருந்தார். கூடாரத்துக்குள் காற்று தங்க அவரைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருந்திருக்கிறது என்று சொன்னார்கள். 11ந் தேதி டில்லியில் அவரும் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் டி.வி.யை அணைக்கவே இல்லை. அப்போது அக்கா மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு நானே, பாவம் யார் பெற்ற பிள்ளையோ என்று சொன்னேன். இன்று அக்கா வீட்டுச் சுவரில் அவன் யூனிபாரம் போட்டோ தொங்குகிறது.

லடாக் எங்கே, நாம் எங்கே, நமக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிற சகோதரிகளுக்குத்தான் இனிமேல் எழுதப் போவது.

அதே மார்கழியில் எங்கள் பக்கத்து வீட்டு மதினியின் மகளுக்கு எட்டாம் மாதக் கடைசியிலேயே பிரசவம் ஆகிவிட்டது. முதல் பிள்ளை, பெண் குழந்தை. எடை 1,900 கிராம். ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, பால் நன்றாகக் குடிக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் விடியலில் மழை தூறிக்கொண்டிருந்தது. நாலு பெண்கள் சேர்ந்தால் குழந்தையைக் குளிப்பாட்டாமல் இருப்போமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் அந்த நாலு பேரில் ஒருத்தி. வெந்நீர் நல்ல சூடாகத்தான் இருந்தது. எண்ணெய் தடவி, காலில் போட்டு நிதானமாகக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பொட்டு வைத்து, கனமான டர்க்கி டவலில் கழுத்து வரை இறுக்கச் சுற்றிப் படுக்க வைத்தோம். “பாரு, எப்படித் தூங்குது, குளிச்ச சுகம்” என்று பெருமை வேறு.

பத்து மணிக்கு மேல் மருமகள் முறைக்காரி, அந்தக் குழந்தையின் தாய், மெல்ல என்னைக் கூப்பிட்டாள். “அத்தை, பால் குடிக்க மாட்டேங்குதே. எழுப்பினாலும் முழிக்கல.” சிணுங்கவும் இல்லை. பாதத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. கை கால் குளிர்ந்தால் சகஜம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது என் மனதில் வந்தது அந்த மூன்றாவது டம்ளர். டவலைப் பிரித்தேன். குளித்ததும் துடைத்த அதே டவலிலேயே சுற்றியிருக்கிறோம்! உள்பக்கம் முழுக்க ஈரம். தலைமுடியும் உலரவில்லை. புறங்கையை வயிற்றில் வைத்தேன். வயிறும் குளிர்ந்து கிடந்தது.

டவலைத் தூக்கி எறிந்துவிட்டு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தேன். தாயை ஜாக்கெட்டைத் தளர்த்தச் சொல்லி, குழந்தையை வெறும் உடம்போடு அவள் நெஞ்சில், இரண்டு மார்புக்கும் நடுவே, முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும்படி ஒட்ட வைத்தேன். தலைக்கு ஒரு குல்லா, முதுகுக்கு மேலே உலர்ந்த சேலையை இரண்டாக மடித்துக் கட்டினேன். ஹவில்தார் வயிற்றில் வைத்த பாதம்தான் எனக்கு ஞாபகம். அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். போகும் வழியெல்லாம் மதினி கையைப் பிசைந்துகொண்டு, வாயே திறக்கவில்லை.

நர்ஸம்மா வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது 35.2 டிகிரி. பச்சைக் குழந்தைக்கு 36.5லிருந்து 37.5க்குள் இருக்க வேண்டும். ஈரத் துணியோடு எடுத்து வந்திருந்தால் இன்னும் இறங்கியிருக்கும் என்றார்கள். நாலு நாள் வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் இருந்த நேரம் கொஞ்சம், அம்மா நெஞ்சில் இருந்த நேரம்தான் அதிகம். எங்களைத் திட்டாமல் உட்கார வைத்துச் சொன்ன அந்த நர்ஸம்மாவுக்குக் கோடி நமஸ்காரம்.

உலக சுகாதார நிறுவனம் 1997ல் வெளியிட்ட ஒரு கையேட்டில் இருக்கிற விஷயம் இது: துணி இல்லாமல் 23 டிகிரி அறையில் கிடக்கிற பச்சைக் குழந்தைக்கு, பூஜ்யம் டிகிரியில் துணியில்லாமல் நிற்கிற பெரிய ஆளுக்கு ஆகிற அளவு சூட்டு நஷ்டம் ஆகிறது. 23 டிகிரி என்பது என்ன? எங்கள் சாத்தான்குளத்து மார்கழி விடியல்! நாம் முந்தானையைப் போர்த்திக்கொண்டு ‘இதமா இருக்கு’ என்று சொல்கிற அந்தக் குளிர்தான் குழந்தைக்கு லடாக். உடம்பு சின்னது, அதற்குத் தோல் பரப்பு அதிகம், தலை பெரிசு. குறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பும் இல்லை. பெரியவர்கள் மாதிரி நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்குத் தெரியாது. தன்னிடம் இருக்கிற கொஞ்சக் கொழுப்பை எரித்துச் சமாளிக்கப் பார்க்கும். அந்த எரிப்பில் குடித்த பால் எடையாக ஏறாமல் போகும். கொழுப்பும் தீர்ந்தால் சோர்ந்து தூங்கிவிடும். நாங்கள் சுகம் என்று நினைத்த தூக்கம் அதுதான்.

தொட்டுப் பார்க்கிற முறையை நர்ஸம்மா காட்டிக் கொடுத்தார்கள். புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் கவலை இல்லை. வயிறு வெதுவெதுப்பு, பாதம் சில்லிப்பு என்றால் குழந்தை குளிரோடு மல்லுக்கட்டுகிறது என்று அர்த்தம். ஈரம் இருக்கிறதா பார்த்து மாற்றி, உடனே நெஞ்சோடு அணைக்க வேண்டும். இரண்டும் சில்லென்றிருந்தால் அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வீட்டில் வைத்துக்கொண்டு கைவைத்தியம் கூடாது.

நெஞ்சோடு வைக்கிற இந்த முறைக்குக் கங்காரு முறை என்று பெயர். 1978ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் பெட்டிகள் போதாமல் தவித்தபோது எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் ஆரம்பித்து வைத்தது. டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் சேர்ந்து ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2021ல் வெளிவந்தது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே, முழுக்கத் தேறும் வரை காத்திராமல், தாயின் நெஞ்சில் வைத்ததில் சாவு நாலில் ஒரு பங்கு குறைந்தது என்று கண்டார்கள். 2022ல் உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்லிவிட்டது. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் நாள் முழுக்க. தாய்க்கு முடியாத நேரம் தகப்பனும் வைத்துக்கொள்ளலாம், ஆச்சியும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் மதினி வீட்டு மாப்பிள்ளை முதலில் கூச்சப்பட்டார். அப்புறம் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்வு நாற்காலியில் அவர் மகளோடு உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார்!

எந்தத் துணியும் செய்யாத வேலையை நெஞ்சு செய்கிறது. துணி காவல் மட்டும், நெஞ்சு அடுப்பும் காவலும்.

குளிப்பாட்டுவதைப் பற்றி: நிறைமாதக் குழந்தைக்கே பிறந்து 24 மணி நேரம் கழியட்டும் என்கிறார்கள். எடை குறைந்த குழந்தைக்கு டாக்டர் சொன்ன பிறகுதான். அதுவரை வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாலே போதும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கையெட்டும் தூரத்தில் இரண்டு உலர்ந்த துணி எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒன்று துடைக்க, ஒன்று சுற்ற. ஈரமானதை அந்த நிமிஷமே தள்ளிவிட வேண்டும். மூத்திரத் துணிக்கும் இதே கணக்குதான். ஒரே கனத் துணியைவிட மெல்லிய பருத்தித் துணி இரண்டு மூன்று அடுக்கு, கை கால் அசைகிற தளர்ச்சியோடு.

இதைப் படித்துவிட்டுச் சித்திரை மாதத்தில் குழந்தையைக் கம்பளியில் பொட்டலம் கட்டிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். எங்கள் பக்கத்து வெயிலில் அது வேறு ஆபத்து. கழுத்திலும் முதுகிலும் வியர்த்தால், உடம்பு கொதித்தால், ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். தூங்குகிற குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் தளர்ந்த போர்வையோ தலையணையோ கிடக்கக் கூடாது. மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

இன்னொன்று. பிள்ளை பெற்ற அறையில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கணப்புச் சட்டி வைக்கிற வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. கரி எரியும்போது வருகிற விஷ வாயுவுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. மலை ஊர்களில் அடைத்த அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கினவர்கள் எழுந்திருக்காமலே போனதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். லடாக்கில்கூட கூடாரத்து அடுப்புக்குப் புகைப்போக்கி உண்டு, படுக்கும் முன் அணைக்கிறார்களா என்று பார்ப்பதற்கே ஒரு ஆள் உண்டு என்று அக்கா மகன் சொல்கிறான். சாம்பிராணியும் குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது. முடியைத் துணியால் ஒற்றினாலே காயும்.

அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது ஏழு மாதம். கவிழ்ந்து, நீந்தி, என் வீட்டுப் பூனையைத் துரத்தப் பார்க்கிறது. எடை ஏழு கிலோவை எட்டப் போகிறது. ஆடி மாதம் லீவில் வந்த அக்கா மகன் அந்தப் பலகை ஸ்வெட்டரைத் திருப்பிக் கொண்டு வந்து, “சித்தி, இத வச்சு ஐஸ் வியாபாரம் பண்ணலாம்” என்று கொடுத்தான். அவன் கால் பெருவிரலைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். நகம் ஓரத்தில் கொஞ்சம் கறுத்திருக்கிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது.

ஸ்வெட்டரை முழுக்க அவிழ்த்துவிட்டேன். நூலைப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டதில் சுருள் கொஞ்சம் நிமிர்ந்து, நூல் மறுபடி உப்பி வந்திருக்கிறது. ஒரு நம்பர் பெரிய ஊசியில், கையைத் தளர்த்திப் போட்டு, அவனுக்கு ஒரு ஜோடி காலுறை பின்னிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை அவன் பூட்ஸுக்குள் வைத்து அளவு எடுத்த காகிதம் என்னிடம் இருக்கிறது. ஒரே ஜோடிதான் அனுப்பப் போகிறேன். மிச்ச நூலில் எடை குறைந்த குழந்தைகளுக்கு, உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைத்த குல்லாக்கள் பின்னி, அந்த நர்ஸம்மாவிடம் கொடுக்க எண்ணம். இதுவரை ஐந்து ஆகியிருக்கிறது. குல்லாவுக்கான கண்ணிக் கணக்கை அடுத்த இதழில் தருகிறேன்.